வியாழக்கிழமைக் கதை

ஜம்புநாதன் சார் மூன்று கேள்வி அனுப்பியிருக்கிறார். அவருடைய இணைய இதழின் ஆண்டு மலருக்காம். இப்போது என்ன எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்? சமீபத்தில் என்ன படித்தீர்கள்? வெண்ணாறன் என்ற பெயரில் எழுதும் நீங்கள் யார்? ‘வாசகர்கள் என்னைத் துளைத்தெடுக்கிறார்கள், ஒரு போட்டோவோடு அனுப்பிவிடுங்கள்’ என்று கீழே ஒரு வரி.

பதினோரு வருஷமாக அவருக்குக் கதை அனுப்புகிறேன். எல்லாம் ஈமெயிலில்தான். என்னை ஆம்பளை என்றே நினைத்து ‘அன்புள்ள வெண்ணாறன் சார்’ என்று ஆரம்பிப்பார். நானும் திருத்தியதில்லை. திருத்தாமல் விட்டதற்குப் போன மாதம் நன்றாக அனுபவித்தேன். அதைச் சொன்னால் மூன்று கேள்விக்கும் பதில் வந்துவிடும். சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் விசாலாக்ஷி. வயது நாற்பத்தெட்டு. பிறந்தது தஞ்சாவூர்ப் பக்கம், வெண்ணாற்றங்கரை. கல்யாணமாகிப் புனே வந்து இருபத்துமூன்று வருஷம். ஔந்தில் நாலாவது மாடி ஃப்ளாட். வெளியே ஹிந்தி, அரைகுறை மராத்தி. வீட்டுக்குள் தமிழ். ஆனால் வீட்டில் தமிழ் எழுத்துத் தெரிந்தது நான் ஒருத்திதான். என் வீட்டுக்காரர் ராம்கி இதே புனேயில், கட்கியில் பிறந்து வளர்ந்தவர். மாமனாருக்கு அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. ராம்கி தமிழ் பேசுவார், பேசினால் முழுக்கப் புரியும், எழுத்தில் மட்டும் ‘அ’ எது ‘ஆ’ எது என்று கேட்டால் முழிப்பார். பெண் வைஷுவும் அப்படித்தான். அவள் நாக்பூரில் ஹாஸ்டலில் இருக்கிறாள்.

இது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது தெரியுமா? சாப்பாட்டு மேஜையில் நோட்டைத் திறந்து போட்டுவிட்டுக் குளிக்கப் போவேன். அவரைப் பற்றியே எழுதியிருப்பேன். அவர் அந்தப் பக்கத்தின் மேலேயே பிஸ்கட்டை வைத்து டீ குடிப்பார். இவள் ஏதோ கிறுக்குகிறாள், பொழுது போகிறது என்று அவர் நினைப்பு. பீரோவுக்குப் பூட்டே வேண்டாம் என்று என் நினைப்பு. அசடு என்றால் அப்படி ஒரு அசடு.

பிப்ரவரியில் ஒருநாள் செருப்பு அலமாரியைத் துடைத்தேன். அவருடைய பழைய ஷூவுக்குள் ஆபீஸ் அடையாள அட்டையின் கயிறு சுருட்டி வைத்திருந்தது. அட்டை இல்லை, கயிறு மட்டும். அவர் அப்போதுதான் லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு, மதியச் சாப்பாட்டு டப்பாவை வாங்கிக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்பிப் போயிருந்தார். பாணேரில் இருந்த அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டேன். எடுத்த பெண், “அவர் டிசம்பரோடு நின்றுவிட்டாரே மேடம்” என்றாள். இரண்டு மாதமாக இந்த மனுஷன் எங்கே போகிறார்?

மறுநாள் அவர் பைக்குக்குப் பின்னால் ஆட்டோவில் போனேன். வெட்கக்கேடு, ஐம்பதை நெருங்குகிற பொம்பளை புருஷனைத் துரத்திக்கொண்டு! அவர் பாணேர் பக்கம் திரும்பவேயில்லை. சாங்வி, பிம்ப்ளே குரவ் தாண்டி, கசார்வாடியில் பழைய மும்பை ஹைவே ஓரம் ஒரு தகர ஷெட்டுக்கு முன்னால் நிறுத்தினார். சேவியருடைய லேத் பட்டறை. சேவியர் கட்கி ஸ்கூலில் அவரோடு ஒரே பெஞ்சில் படித்தவர், தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வருவார். ராம்கி ஹெல்மெட்டைக் கழற்றினார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். இருபத்தாறு வருஷம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த மனுஷன் லேத் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

நான் ஆட்டோவைத் திருப்பச் சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டேன். அவரிடம் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள், நானே என்னை ஆயிரம் தடவை கேட்டாயிற்று. தெரியும் என்று சொல்லிவிட்டால் காலையில் எழுந்து ஷேவ் பண்ணிக்கொள்ள அவருக்கு என்ன காரணம் இருக்கும் என்று பயந்தேன். அது ஒரு பாதி. இன்னொரு பாதியையும் சொல்லிவிடுகிறேன், திட்டிக்கொள்ளுங்கள். ஆட்டோவில் திரும்பும்போதே முதல் அத்தியாயம் தலைக்குள் வந்துவிட்டது. கேட்டுவிட்டால் கதை கெட்டுப்போகுமே என்று இருந்தது. நல்ல பெண்டாட்டி!

ஏப்ரலில் தொடர் ஆரம்பித்தது. வியாழக்கிழமை தோறும் பன்னிரண்டு மணிக்கு ஒரு அத்தியாயம். ஊரை சூரத் ஆக்கினேன், கம்ப்யூட்டர் கம்பெனியை இன்சூரன்ஸ் ஆக்கினேன், ராம்கியைக் கேஷவ் ஆக்கினேன். வேலை போனதை வீட்டில் சொல்லாமல் தினமும் டப்பா எடுத்துக்கொண்டு கிளம்புகிற கேஷவ். வாசகர்கள் அழுது தீர்த்தார்கள். ஜம்புநாதன் சார், “இதுதான் உங்கள் உச்சம்” என்று எழுதினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இங்கே வீட்டில் என்ன நடந்தது? ஜூலையிலிருந்து டப்பா காலியாக வருவது நின்றுபோனது. முதலில் பாதி சாதம் மிச்சம். அப்புறம் தொட்டுப் பார்த்துவிட்டு மூடினது போல அப்படியே. “வெயிட் குறைக்கறேன்” என்றார். மழையில் நனைந்து வருவார், தலையைத் துவட்டிக்கொள்ள மாட்டார். நான் துண்டை நீட்டினால் வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்குள் மணி அடித்தது. அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். மிச்ச சாதம் பதினெட்டாவது அத்தியாயத்தில் வந்தது.

கடைசி அத்தியாயம் இருபதாவது. அதில் கேஷவ் டப்பாவைத் திறக்காமலே ஸ்டூலில் வைத்துவிட்டு, ரயில்வே லைன் பக்கம் நடந்து போய்விடுகிறான். வீட்டுக்குத் திரும்புவதில்லை. எழுதி முடித்ததும் பெருமையாக இருந்தது. பெருமை! ஆகஸ்ட் முதல் வாரமே அனுப்பிவிட்டேன், ஜம்புநாதன் சார் அது தானாக வெளியாகத் தேதியும் மணியும் போட்டு வைத்துவிட்டார்.

அந்த வியாழக்கிழமை காலை பத்தரைக்கு சேவியரிடமிருந்து போன்.

“வஹினி, தனியாவா இருக்கீங்க?” என்றார். சிநேகிதன் பெண்டாட்டியை இந்த ஊரில் வஹினி என்றுதான் கூப்பிடுவார்கள், நம் அண்ணி மாதிரி. “உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு ராம்கி சத்தியம் வாங்கிருக்கான். ஆனா எனக்குப் பயமா இருக்கு. அவனுக்கு வேலை போயிடுச்சு வஹினி. எட்டு மாசமா என் பட்டறையிலதான் உக்காந்திருக்கான்.”

“தெரியும்” என்றேன்.

“தெரியுமா? பாப்ரே! சரி, அத விடுங்க. விஷயம் வேற. ஒரு தமிழ்க் கதை வருது, ஃபோன்ல, எங்க ஸ்கூல் குரூப்புல யாரோ லிங்க் அனுப்பினது. வாரா வாரம். வைஷு ஹோலி லீவுல வந்தப்ப அவன் ஃபோன்ல என்னமோ செட் பண்ணிக் குடுத்துட்டுப் போயிருக்கா, எழுத்தை எல்லாம் ஒரு லேடி வாய்ஸ் படிச்சுச் சொல்லும். வியாழக்கிழமை இங்க கரண்ட் கட்டு, மெஷின் ஓடாது, சத்தமில்லாம இருக்கும். ரெண்டு பேரும் உக்காந்து அந்தக் கதையக் கேப்போம். அப்படியே இவன் கதைதான் வஹினி. டப்பா உட்பட!”

நான் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டேன். எழுத்துத் தெரியாதவர்களுக்குக் காது இருக்கிறது என்பதை இத்தனை வருஷத்தில் நான் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. 

“எவனோ வெண்ணாறனாம். ராம்கி சொல்றான், ‘இந்த ஆளுக்கு எனக்குள்ள நடக்கறது எல்லாம் தெரியுது சேவி, எனக்கே தெரியாததும் தெரியுது’ன்னு. போன வாரம் சிரிச்சுக்கிட்டே சொல்றான், ‘கேஷவ் கடைசில என்ன பண்றானோ அதான் நானும் பண்ணப்போறேன், எனக்கு யோசிச்சு யோசிச்சு அலுத்துப்போச்சு.’ சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். ஆனா அந்தச் சிரிப்பு நல்லால்ல. இன்னிக்குக் கடைசி பாகம். நீங்க தமிழ் படிக்கிறவங்க, அதுல என்ன வரும்னு யாரையாவது கேட்டுச் சொல்ல முடியுமா?”

“சேவியர், அந்தக் கதையைக் கேக்க விடாதீங்கோ. ஃபோனைப் பிடுங்குங்கோ, தண்ணில போடுங்கோ, என்ன வேணா பண்ணுங்கோ. நான் வரேன்.”

“நான் இப்ப போசரில இருக்கேன் வஹினி, பார்ட் டெலிவரிக்கு வந்தேன். ராம்கி பட்டறையில தனியா இருக்கான். நானும் கெளம்பறேன், ஆனா மழைல ரோடெல்லாம் ஜாம்.”

தனியா.

ராம்கிக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. ஜம்புநாதன் சாருக்கு ஈமெயில் அடித்தேன்: ‘இருபதாவது அத்தியாயத்தை வெளியிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.’ அவர் போன் நம்பர் இதழின் மூலையில் இருக்கும், அதற்கும் போட்டேன். ஏழு தடவை. புனேயிலிருந்து தெரியாத நம்பர், லோன் வேண்டுமா என்று கேட்பவர்கள் என்று நினைத்து எடுக்கவில்லையாம், பிறகு மெயிலில் சொன்னார். எப்படி எடுப்பார்? என் நம்பர் அவரிடம் இருந்தால்தானே. பதினோரு வருஷம் ஒளிந்துகொண்டிருந்தவளுக்கு அவசரத்துக்கு ஒரு ஆள் இல்லை.

எங்கள் ஏரியாவிலும் அன்றைக்குக் கரண்ட் இல்லை. லிஃப்ட் இல்லை. நாலு மாடியும் இறங்கினேன், பாதியில் ஒரு செருப்பு அறுந்தது, அதை அங்கேயே விட்டுவிட்டேன். மழை. ஒரு ஆட்டோவும் நிற்கவில்லை. கடைசியில் ஒருத்தர் நிறுத்தினார். “கசார்வாடி, லவ்கர் சலா, லவ்கர்”, சீக்கிரம் போங்கள் என்று என் மராத்தியில் கத்தினேன். அவர் என் வெறுங்காலைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் ஓட்டினார்.

சாங்வியில் பதினொன்றே முக்கால். பிம்ப்ளே குரவ் சிக்னலில் பன்னிரண்டு ஆயிற்று. என் ஃபோனில் இதழைத் திறந்தேன். அத்தியாயம் இருபது, வெண்ணாறன். வந்துவிட்டது. அத்தியாயத்தைச் சத்தமாகப் படித்தால் எவ்வளவு நேரம் ஆகும்? பதினைந்து நிமிஷமா, இருபதா? கேஷவ் ஸ்டூலை விட்டு எழுந்திருப்பது எந்த இடத்தில்? நானே எழுதினதுதான், ஞாபகம் வரமாட்டேன் என்கிறது. கடவுளே, நான் எழுதினதை எல்லாம் எடுத்துக்கோ, இவரை மட்டும் விட்டுடு என்று ஆட்டோவுக்குள் வாய்விட்டுச் சொன்னேன்.

பட்டறை வாசலில் இறங்கினபோது பன்னிரண்டு பதினொன்று. மெஷின்கள் எல்லாம் நின்றிருந்தன. உள்ளேயிருந்து அந்தப் பொம்பளைக் குரல் கேட்டது. உணர்ச்சியே இல்லாமல், ரயில்வே அறிவிப்பு மாதிரி, என் வரிகளைச் சொல்லிக்கொண்டிருந்தது. ‘கேஷவ் டப்பாவின் மூடியை ஒருமுறை தடவிப் பார்த்தான்.’ ராம்கி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நான் காலையில் கட்டிக் கொடுத்த டப்பா. அதன் மூடி மேல் அவர் கை இருந்தது.

நான் போய் ஃபோனை எடுத்துக் குரலை நிறுத்தினேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது, எழுதவும் மாட்டேன். “நீ... இங்க எப்படி?” என்றார். என் காலைப் பார்த்தார். “செருப்பு எங்க?”

“எல்லாம் அப்பறம். அந்த லேடி படிக்கறது சகிக்கலை. மிச்சத்தை நான் படிக்கறேன், கேளுங்கோ.”

வேறு என்ன செய்வது என்று எனக்குத் தோன்றவில்லை. பாதியில் பிடுங்கிக்கொண்டால் நான் போன பிறகு கேட்பார். முடிவு தெரியாமல் விடமாட்டார், வாசகர் அல்லவா. ஃபோனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். கண்ணுக்கு முன்னால் ‘கேஷவ் எழுந்தான்’ என்று இருந்தது. வாயால், “கேஷவ் எழுந்திருக்கவில்லை” என்றேன்.

“கேஷவ் எழுந்திருக்கவில்லை. வாசலில் யாரோ நிற்பது போலிருந்தது. திரும்பிப் பார்த்தான். அவன் பெண்டாட்டி. மழையில் நனைந்திருந்தாள். ‘உங்களுக்கு வேலை போனது எனக்கு பிப்ரவரியிலேயே தெரியும்’ என்றாள். ‘தெரிந்தும் கேட்கவில்லை. பயந்துகொண்டு இருந்துவிட்டேன். நீங்கள் தினமும் பொய் சொல்லிவிட்டுப் போனீர்கள், நான் தினமும் பொய்யாக வழியனுப்பினேன். ரெண்டு பேரும் சேர்ந்துதான் இதைச் செய்தோம். இனிமேல் என்னால் முடியாது’ என்றாள்...”

நிறுத்தினால் போச்சு என்று மேலே மேலே சொல்லிக்கொண்டே போனேன். கேஷவுக்குக் கோபம் வந்தது, அவன் கத்தினான், அவள் திருப்பிக் கத்தினாள், அவன் பெண் ஊரிலிருந்து போன் பண்ணினாள். வாக்கியமெல்லாம் கோணல்மாணல். இவ்வளவு மோசமாக நான் எழுதினதே கிடையாது. நடுவில் சேவியர் ஓடிவந்து வாசலிலேயே மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது தெரிந்தது.

“விசாலம்” என்றார் ராம்கி.

“இருங்கோ, முடியலை.”

“விசாலம். ஸ்க்ரீன் ஆஃப் ஆகி ரெண்டு நிமிஷம் ஆச்சு.”

பார்த்தேன். ஃபோன் கருப்பாக இருந்தது. அதில் என் முகம்தான் தெரிந்தது.

“நீதானா அது?” என்றார். “அந்த வெண்ணாறன்?”

தலையை ஆட்டினேன். அடிப்பாரோ, எழுந்து வெளியே நடந்துவிடுவாரோ, எதற்கும் குறுக்கே விழத் தயாராக நின்றேன். அவர் எழுந்திருக்கவில்லை. தரையில் கிடந்த இரும்புச் சுருளைக் காலால் நகர்த்தினார்.

“பிப்ரவரிலேருந்து தெரியுமா?”

“ம்.”

“ஆபீஸே இல்லேன்னு தெரிஞ்சும் எதுக்குத் தினமும் டப்பா கட்டிக் குடுத்தே? கதைக்கா?”

அந்தக் கேள்வி எனக்கு வேண்டியதுதான். “கதைக்கும்தான்” என்றேன். “ஆனா அது மட்டும் இல்லை. டப்பா எடுத்துண்டு போனா, சாயங்காலம் அதைத் திருப்பிக் கொண்டு வரணும் இல்லையா? காலி டப்பாவோட திரும்பி வருவேள்னுதான் கட்டினேன். அது காலியா வராம போனப்பவே நான் உங்களைக் கேட்டிருக்கணும். கேக்காம எழுதிண்டிருந்தேன். என்னை என்ன வேணா சொல்லுங்கோ.”

அவர் டப்பாவைத் திறந்தார். புளியோதரையும் வதக்கின உருளைக்கிழங்கும். ஒரு வாய் போட்டார், மெல்ல முடியாமல் அப்படியே அழ ஆரம்பித்தார். சேவியர் வெளியே போய்த் தகரக் கதவுக்கு அந்தப் பக்கம் மழையில் நின்றுகொண்டார்.

நடந்தது இதுதான். ஜம்புநாதன் சார் ரெண்டு மணிக்கு மெயிலைப் பார்த்து அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டார். அதற்குள் படித்தவர்கள், ‘அற்புதமான முடிவு, ஏன் நீக்கினீர்கள்?’ என்று கடிதம் எழுதுகிறார்களாம். கதையாகப் பார்த்தால் அது நல்ல முடிவுதான், எனக்கே தெரியும். அது வேண்டாம். திரும்பப் போடாதீர்கள் சார்.

சமீபத்தில் என்ன படித்தேன்? மாதக்கணக்காக மராத்தி நாவல்கள் எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன், அதைப் பெருமையாகச் சொல்லலாம் என்று இருந்தேன். இப்போது படிப்பது ஒரே ஒரு மடித்த காகிதம். செவ்வாய்க்கிழமை தோறும் நாங்கள் போகிற மனநல டாக்டர் கொடுத்தது, அதுவும் மராத்தியில். வீட்டில் இருப்பவர்கள் எதையெல்லாம் நேரடியாகக் கேட்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. பதினோரு வரி. தினமும் படிக்கிறேன். ராம்கி சேவியர் பட்டறைக்கேதான் போகிறார், இப்போது அங்கே டிராயிங் போட்டுக் கொடுக்கிறார். காலையில் வாசலில் நின்று, “கசார்வாடி” என்று ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறார். என்னிடம் இன்னும் சரியாகப் பேசவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது, “கேஷவுக்குக் கொஞ்சம் தலைமுடி வெச்சிருக்கலாம் நீ, வழுக்கைன்னு வேற எழுதிட்டே” என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ரசத்தை ஊற்றினேன்.

என்ன எழுதுகிறேன் என்றால், இதைத்தான். இதையும் ராம்கி காதால் கேட்ட பிறகுதான் அனுப்புவேன். அந்த லேடி வேண்டாம், நானே படித்துக் காட்டுவதாக இருக்கிறேன். பேனாவை எடுத்தாலே பயமாக இருக்கிறது. யாருடைய காதில் போய் விழும், விழுந்து என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும்?

பயம் குறைந்துவிட்டதா என்றால், இல்லை. தினமும் ஆறரைக்கு வந்துவிடுவார். இதை எழுதும்போது மணி ஆறு ஐம்பது. மழை பிடித்துக்கொண்டிருக்கிறது, நாசிக் ஃபாட்டா சந்திப்பில் டிராஃபிக்காக இருக்கும். போன் பண்ணலாம். பைக் ஓட்டும்போது எடுக்கமாட்டார், எடுக்கவில்லை என்றால் எனக்கு உயிர் போய்விடும், அதனால் பண்ணவில்லை. ஏழு அடித்துவிட்டது. சேவியருக்குப் போடட்டுமா? லிஃப்ட் சத்தம் கேட்கிறது. மூன்றாவது மாடியில் நின்றுவிட்டது. வேறு யாரோ.

ஏழு ஐந்து. கதவு திறந்தது. சொட்டச் சொட்ட நனைந்து வந்தார். என்னைப் பார்க்காமல் நேரே சமையலறைக்குப் போய் டப்பாவை சிங்க்கில் போட்டார்.

“காலி” என்றார்.